பிடிமண்ணும் செலவுப் பட்டியலும்

அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே மண் குதிரை செய்யும் குயவரான ஒரு வேளார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் என் மூன்றாவது நிதி விண்ணப்பத்தின் செலவுப் பட்டியலை எழுதினேன். முதல் இரண்டு விண்ணப்பங்களையும் என் வீட்டு மேசையில் எழுதியிருந்தேன். இரண்டும் நிராகரிக்கப்பட்டன. மூன்றாவதற்குப் பணம் கிடைத்தது. நான் எழுதிய ஒவ்வொரு தொகையையும் அன்று வேளார் ஐயா கேட்டுக் கேட்டுத் திருத்தினார். மண் மிதிக்க எத்தனை ஆள், வைக்கோல் எத்தனை கட்டு, வறட்டி எத்தனை, குதிரையைச் சூளைக்கு நகர்த்த எத்தனை தோள் என்று அவர் சொல்லச் சொல்ல என் பழைய பட்டியல் எவ்வளவு பொய்யானது என்பது தெரிந்தது. சிற்பத்துக்கு நிதி கேட்கிறவர்கள் மற்றெல்லாப் பக்கங்களையும்விட அந்தப் பக்கத்துக்கு அதிக நாள் செலவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல், மரம், உலோகம், மண் என்று எதில் வேலை செய்கிறவர்களுக்கும் என் அனுபவம் கொஞ்சமாவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். படித்த காலத்தில் சுவாமிமலைப் பட்டறைகளுக்கு அடிக்கடி போவோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். அந்தக் கலைக்குச் சாத்திரம் உண்டு, தாளமானம் என்னும் உருவ அளவு முறை உண்டு, புவிசார் குறியீடும் உண்டு. என் சொந்த மாவட்டமான புதுக்கோட்டையில் ஐயனாருக்கு எடுக்கும் மண் புரவியைச் சிற்பம் என்று சொல்லக்கூட வகுப்பில் யாருக்கும் தோன்றியதில்லை. நமணசமுத்திரம் ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள் பாதையின் இருபுறமும் வரிசை வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். காது உடைந்தவை, வயிறு பிளந்து உள்ளே செடி முளைத்தவை, போன ஆண்டு வைத்த புதியவை எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கும். அவை நிற்பதற்கே வைத்தவை, பாதுகாப்பதற்கு அல்ல. இதுவே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

புரவி எடுப்பு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் கூடி நாள் குறிக்கும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கு தட்சிணையோடு வேளாரிடம் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அந்தப் பிடியைத் தன் களிமண்ணில் கலந்த பிறகே அவர் வேலையைத் தொடங்குவார். வேலை முடிந்ததும் ஊரே அவர் வீட்டுக்கு வந்து, கண் திறந்த புரவிகளைத் தோளில் சுமந்து ஐயனாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த ஊருக்கு எந்த வேளார் குடும்பம் புரவி செய்வது என்ற உரிமை தலைமுறை தலைமுறையாக வருவது.

முதல் விண்ணப்பத்துக்கு நான் வைத்த தலைப்பு ‘தமிழகச் சுடுமண் சிற்பக்கலை: ஓர் ஆய்வு’. அதைப் படித்தால் நானே நிதி கொடுத்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதில் கேள்வியே இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, விழுப்புரம் என்று ஆறு மாவட்டங்களை ஓராண்டில் பார்த்துவிடுவதாக எழுதியிருந்தேன். இரண்டாம் முறை அதையே கொஞ்சம் மெருகேற்றி வேறோர் இடத்துக்கு அனுப்பினேன். நான்கு வரியில் பதில் வந்தது.

பல ஆண்டுகள் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்த என் பழைய ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு விண்ணப்பங்களையும் கொடுத்தேன். அவர் இரண்டே இரண்டு கேள்விகள் கேட்டார். “பணம் கொடுத்தால் பதினைந்து மாதம் கழித்து என் கையில் என்ன இருக்கும்? கொடுக்காவிட்டால் எது யாருக்கும் தெரியாமலே போகும்?” இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. குழுவில் இருப்பவர்கள் ஒரே நாளில் கட்டுக் கட்டாக விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள் என்றும், முதல் பத்தியில் அந்த இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அழகான மூன்றாம் பக்கத்தை யாரும் எட்டுவதில்லை என்றும் சொன்னார்.

பதிலைத் தேடி என் கைக்காசில் ஐந்து முறை ஊருக்குப் போனேன். மூன்றாம் பயணத்தில் வேளார் ஐயா போகிற போக்கில் ஒரு செய்தியைச் சொன்னார். அவருடைய உரிமையில் இருந்த ஊர்களில் இரண்டு இப்போது சிமெண்டுக் குதிரைக்கு மாறிவிட்டன. ஒருமுறை கட்டினால் போதும், வண்ணம் மட்டும் அவ்வப்போது அடித்துக்கொள்ளலாம் என்பது ஊரார் கணக்கு. “அந்த ஊர்களிலிருந்து பிடிமண் வருவது நின்றுவிட்டது, தாயி” என்றார். என் கேள்வி அந்தக் கணத்தில் கிடைத்தது. சிமெண்டுக் குதிரை வந்த ஊரில் பிடிமண் உரிமைக்கு என்ன ஆகிறது? அந்த உரிமையோடு சேர்ந்திருந்த மண் பக்குவம், அளவு முறை, சூளை அறிவு எல்லாம் யாரிடம் தங்குகின்றன? ஆறு மாவட்டங்கள் ஒரே குடும்பமும் ஐந்து ஊர்களுமாகச் சுருங்கின. கையில் கிடைப்பவை என்று மூன்றை எழுதினேன்: ஐயாவோடு சேர்ந்து நான் செய்து முடிக்கும் ஆறடிப் புரவி ஒன்று, அது உருவான ஒவ்வொரு நாளின் பதிவு, ஐந்து ஊர்களின் உரிமை வரலாறு. விண்ணப்பத்துக்கு முன்பே களத்துக்குப் போய்வருவது வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். அந்த ஐந்து பயணங்களுக்கான பஸ் கட்டணம்தான் இந்தத் திட்டத்திலேயே அதிகப் பலன் தந்த செலவு.

எங்கே கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் விண்ணப்பித்த இடங்களையும் எனக்கு நிதி தந்த இடத்தையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை மட்டும் இவை. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையத்தின் வழியாக இரண்டாண்டு ஆய்வு நல்கைகள் தருகிறது. 25 முதல் 40 வயதுவரை இளநிலை, அதற்கு மேல் முதுநிலை. நான் பார்த்த அறிவிப்பில் இளநிலைக்கு மாதம் 10,000 ரூபாயும் முதுநிலைக்கு 20,000 ரூபாயும் இருந்தன. பணம் மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாகத்தான் வரும். பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1993இல் தொடங்கப்பட்டது. கலை ஆய்வுக்கும் கலைப் படைப்புக்கும் தனித்தனியே நிதி தருகிறது. அங்கே தமிழிலேயே விண்ணப்பிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் தடுமாறி எழுதிய விண்ணப்பத்தைவிடத் தமிழில் தெளிவாக எழுதியது நூறு மடங்கு மேல். 1954இல் தொடங்கிய லலித் கலா அகாடமி இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள அதன் மண்டல மையத்தில் சிற்பிகள் வேலை செய்யப் பட்டறையும் உண்டு. வாடகைக்கு இடம் பிடித்துக் கல் செதுக்கிப் பார்த்தவர்களுக்கு, அந்த இடவசதியே எவ்வளவு பெரிய நிதி என்பது புரியும்.

வெளிநாட்டு நிதிகளில் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சிற்பி ஹென்றி மூர் 1977இல் தொடங்கிய அறக்கட்டளை சிற்பத்துக்கென்றே நிதி தருகிறது என்று கேள்விப்பட்டவுடன் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. படித்துப் பார்த்தால், பெரும்பகுதி அருங்காட்சியகங்களுக்கும் காட்சிக்கூடங்களுக்கும் போகிறது. தனியாளுக்குச் சிறிய ஆய்வுத் தொகைகளே. நியூயார்க்கின் பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை தனிக் கலைஞர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், படைப்பின் தரத்தோடு பணத் தேவையையும் பார்த்து உதவுகிறது. ஆனால் அது படைப்பாளிக்கான உதவி, ஆய்வுக்கானது அல்ல. கனடாவின் எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை தொடக்க நிலையில் இருக்கும் கலைஞர்களுக்குத் தருகிறது. அங்கே உருவச் சிற்பம் வேண்டும், அருவச் சிற்பத்துக்கு இடமில்லை. தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்த பிறகே ஒரு சொல்லாவது எழுதத் தொடங்குங்கள்.

இனி செலவுப் பட்டியல். என் முதல் விண்ணப்பத்தில் மொத்தம் 1,80,000 ரூபாய் கேட்டிருந்தேன். அதில் கேமராவுக்கு 70,000. பயணத்துக்கு 40,000. மண்ணுக்கும் சூளைக்கும் சேர்த்து 10,000. ‘தகவலாளர் படி’ என்று எழுதி வேளார் குடும்பத்துக்கு 8,000. எனக்குச் சொல்லித்தரப் போகிறவர், என்னோடு சேர்ந்து அந்தக் குதிரையை எழுப்பப் போகிறவர், நான் வாங்க நினைத்த கேமராவின் விலையில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் சற்றே அதிகம். அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆய்வின் நோக்கம் என்று நான் எழுதிய நல்ல வாக்கியங்கள் அத்தனையையும் அந்த ஒரே வரி பொய்யாக்கிவிட்டது. தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது பட்டியலில் மொத்தம் 3,40,000. அதில் மிகப் பெரிய தொகை, 1,10,000 ரூபாய், வேளார் குடும்பத்துக்கானது. ஐயாவுக்கு மட்டுமல்ல. மண்ணைச் சலித்து, மிதித்து, உமியும் மணலும் சேர்த்துப் பதமாக்குவது அவர் மனைவி. அந்தப் பதம் தவறினால் மற்ற எதுவும் சரியாகாது. இருவர் பெயரையும் தனித்தனி வரியில், உடன் கலைஞர்கள் என்று குறிப்பிட்டு எழுதினேன். கேமராவை நண்பரிடம் இரவல் வாங்கிக்கொண்டேன்.

சிற்ப வேலைக்குப் பட்டியல் போடும்போது நாம் மறக்கிற செலவுகள் எல்லாம் எடையோடும் இடத்தோடும் சம்பந்தப்பட்டவை. ஓவியத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஆறடி மண் குதிரை பச்சையாக இருக்கும்போது நகர்த்த எட்டுப் பேர் வேண்டும், அதுவும் மூங்கில் கட்டித்தான் தூக்க வேண்டும். காய்வதற்கு வாரக்கணக்கில் நிழல் வேண்டும், அதற்குக் கீற்றுக் கொட்டகை வேண்டும். கண்மாய் மண் எடுக்க அனுமதி வேண்டும், அதற்காக அலைகிற நாள்களுக்கும் கூலி உண்டு. சுட்ட பிறகு வைக்கோல் பொதிந்து வண்டியேற்ற வேண்டும். காட்சிக்கு வைத்து முடிந்த பிறகு எங்கே வைப்பது? இந்தக் கடைசிக் கேள்வியை எந்த நிதி நிறுவனமும் கேட்காது, ஆனால் எல்லாச் சிற்பிகளின் வீட்டுக் கொல்லையும் அதற்குப் பதில் சொல்லும். இவற்றோடு எதிர்பாராச் செலவு என்று பத்தில் ஒரு பங்கு. மண்ணிலும் உலோகத்திலும் வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. வார்ப்பு தவறும், சூளை தவறும். அது திறமைக் குறைவு அல்ல, இந்தத் தொழிலின் இயல்பு. விண்ணப்பத்திலேயே அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நான் எழுதியிருந்ததால்தான் பிறகு தப்பித்தேன்.

நடந்தது இதுதான். முதல் தவணை சித்திரையில் வந்தது. வைகாசியில் வேலையைத் தொடங்கினோம். புரவிக்கு முதலில் நான்கு கால்களும் உள்ளே வெற்றிடம் உள்ள குழல்களாக எழும்பும். அவை தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகுதான் வயிறு. வயிறு இறுகிய பிறகு மார்பு, கழுத்து, கடைசியில் தலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மேல்பாரம் கீழே இருப்பதை அமுக்கிவிடும். ஐயா தட்டுப்பலகையால் வெளியே தட்டுவார், நான் உள்ளே கல்லைப் பிடித்துக்கொள்வேன். அந்தத் தட்டும் ஓசையைக் கேட்டே சுவரின் கனத்தைச் சொல்லிவிடுவார். ஆடி முடிவதற்குள் குதிரை எழுந்து நின்றது. ஆவணியில் சுட வேண்டும் என்பது திட்டம்.

இரண்டாம் தவணை ஆடியில் வந்திருக்க வேண்டும். இடைக்கால அறிக்கையில் ஏதோ படிவம் குறைந்தது, பிறகு அதைப் பார்க்க வேண்டிய அலுவலர் மாறினார், இப்படியே இழுத்துக்கொண்டு ஐப்பசியில் வந்தது. அதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. விறகும் வறட்டியும் வாங்கப் பணம் வந்தபோது வானம் மூடிக்கிடந்தது. ஒப்பந்தப்படி டிசம்பர் 31க்குள் இறுதி அறிக்கை. கார்த்திகையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்ததும் சுட்டுவிடலாம் என்று ஐயாவை வற்புறுத்தினேன். அவர் மறுத்தார். “வயிற்றுக்குள் கையை விட்டுப் பார், தாயி. குளிர்கிறது” என்றார். கையை விட்டேன். குளிர்ந்தது. ஈரம் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம் அது என்று எனக்கும் தெரியும். இருந்தும் தேதியைச் சொல்லிக் கெஞ்சினேன். என் முகத்துக்காக அவர் ஒப்புக்கொண்டார்.

நெருப்பு வைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்காது. சூளைக்குள் வெடிப்பது போல ஒரு சத்தம், தொடர்ந்து இன்னொன்று. சுவருக்குள் இருக்கும் ஈரம் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகி விரிகிறது. மெல்ல வெளியேற வழியும் நேரமும் இல்லாவிட்டால் சுவரை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். உமியும் மணலும் சேர்ப்பது அந்த வழிக்காக. காத்திருப்பது அந்த நேரத்துக்காக. மறுநாள் பிரித்தபோது மார்பின் ஒரு பக்கமும் முன்கால் ஒன்றும் இல்லை. ஐயா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவிதான் உடைந்த ஓடுகளைக் கூடையில் பொறுக்கிச் சேர்த்தார். ஏழு மாதம் அவர்கள் உழைத்த உழைப்பை ஒரு காகிதத்தில் இருந்த தேதிக்காக நான் எரித்துவிட்டேன் என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.

அன்றிரவுதான் நான் முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நடந்ததை அப்படியே எழுதி, உடைந்த புரவியின் படங்களோடு, கூடுதல் பணம் இல்லாமல் காலத்தை மட்டும் நீட்டித்துத் தாருங்கள் என்று எனக்கு நிதி தந்த அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு நாளில் ஐந்து மாதம் நீட்டிப்புக் கிடைத்தது. கேட்டிருந்தால் ஐப்பசியிலேயே கொடுத்திருப்பார்கள். நிதி கொடுத்தவர்களிடம் தாமதத்தைச் சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்வது போல் எனக்குத் தோன்றியிருந்தது. அந்தத் தயக்கம் ஒரு குதிரையை விலையாகக் கேட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் கால நீட்டிப்புக்கான விதி இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை அட்டவணையை ஜூன், ஜூலை என்று எழுதாமல் மழையையும் வெயிலையும் வைத்து எழுதுங்கள், சுடுவதற்கும் வார்ப்பதற்கும் உரிய மாதங்கள் எவை என்று காரணத்தோடு சொல்லுங்கள். செலவு அதிகமாகும் கட்டத்துக்கு முன் ஒரு தவணை வரும்படி கேளுங்கள். அடுத்த முறை நான் இவை எல்லாவற்றையும் எழுதினேன். ஒருவரும் மறுக்கவில்லை.

இரண்டாவது புரவியைத் தையில் தொடங்கிப் பங்குனியில் சுட்டோம். மண்ணுக்கும் விறகுக்கும் எதிர்பாராச் செலவுப் பணம் போதுமானதாக இருந்தது. குடும்பத்துக்கு மறுபடியும் கொடுக்க வேண்டிய கூலியில் குறைந்ததை எனக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து கொடுத்தேன். உடைந்தது என் தவறு, அவர்களுடையது அல்ல.

கணக்கு ஒப்படைப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல வேலை செய்தவர்கள்கூட இங்கேதான் திணறுகிறார்கள். வைக்கோல் விற்கிறவரிடமும் வறட்டி தட்டுகிற பாட்டியிடமும் ரசீதுப் புத்தகம் இருக்காது. அச்சடித்த வவுச்சர்க் கட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். பெயர், ஊர், எதற்காக, எவ்வளவு, தேதி, கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை வில்லை ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நிதிக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, பெரிய தொகைகளை வங்கி வழியாகவே கொடுங்கள். ஐயாவின் மனைவிக்கு அவர் பெயரில் இருந்த கணக்கிலேயே அவர் கூலியைச் செலுத்தினேன். சில நிறுவனங்கள் வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு பட்டியல் போடுங்கள். அன்றன்றைய செலவை அன்றன்றே எழுதாவிட்டால் பிறகு எந்த நினைவும் கைகொடுக்காது.

ஒரு செலவுக்கு மட்டும் கணக்காளர் விளக்கம் கேட்டார். ‘பிடிமண் தட்சிணை, வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு: 1,850 ரூபாய்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் புரவிக்கு ஊர் இல்லை என்பதால், ஐயா சொன்னபடி நானே பிடிமண் எடுத்துக் கொடுத்திருந்தேன். அது இல்லாமல் அவர் மண்ணைத் தொட மாட்டார். நான் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன்: இது வேலையின் முதல் நாள், இதிலிருந்துதான் அவருக்கும் புரவிக்கும் உள்ள உரிமை தொடங்குகிறது, என் ஆய்வின் கேள்வியே இதைப் பற்றியது. ஏற்றுக்கொண்டார்கள். சடங்குச் செலவு உங்கள் வேலையின் பகுதி என்றால் பட்டியலிலேயே அந்தப் பெயரில் ஒரு வரி எழுதுங்கள், இதர செலவுக்குள் ஒளிக்காதீர்கள்.

அறிக்கையை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன். தமிழ்ப் படியை எடுத்துக்கொண்டு போய் அதே திண்ணையில் உட்கார்ந்து ஐயாவுக்கும் அவர் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு மாலைகள் ஆயின. பிடிமண் உரிமையைப் பற்றிய பகுதியில், சிமெண்டுக்கு மாறிய ஊர் ஒன்றின் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். அந்த ஊரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது, அடுத்த புரவி எடுப்புக்குத் திரும்பவும் பிடிமண் கொடுத்தாலும் கொடுப்பார்கள், அறிக்கையில் பெயர் வந்தால் கெட்டுவிடும் என்றார்கள். எடுத்துவிட்டேன். மண் பக்குவத்தைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது அந்த அம்மா என்னை நிறுத்தினார். உமியின் அளவை நான் தவறாக எழுதியிருந்தேன். மழைக்காலத்து மண்ணுக்குச் சேர்க்கும் அளவை எல்லாக் காலத்துக்கும் பொதுவாக எழுதிவிட்டேன். வீட்டுக்குள் போய்த் தான் அளக்கும் படியை எடுத்துவந்து, கோடைக்கு எவ்வளவு, ஐப்பசி மண்ணுக்கு எவ்வளவு என்று முற்றத்தில் கொட்டிக் காட்டினார். படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை திருத்திய பக்கத்தை, அவர் பெயரிட்டு, அறக்கட்டளைக்கு அனுப்பிவைத்தேன்.